வண்டியில் வந்த அங்கி

1938 அக்டோபர் 3, திங்கள்

வீட்டில் உட்கார இடமில்லை. கடையில் கொள்ளாத வெள்ளைத் துணி கூடத்துக்கு வந்து, இப்போது கட்டில் மேலும் ஏறிவிட்டது. தரையைக் கூட்டும் பாவாடை, தோளை மூடும் துண்டு, முகமே தெரியாதபடி முன்னால் நீண்ட 'கப்பி' என்கிற குல்லாய். எல்லாம் போயர் என்கிற டச்சு வழி வெள்ளைக்காரர் வீட்டுப் பெண்களுக்கு. நூறு வருஷத்துக்கு முன்னால் இவர்களுடைய முன்னோர் ஆங்கிலேயர் ஆட்சி பிடிக்காமல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கேப் பக்கத்திலிருந்து வடக்கே புறப்பட்டார்கள். அதைக் கொண்டாட அதே மாதிரி வண்டிகள் இந்த வருஷம் ஊர் ஊராக வந்துகொண்டிருக்கின்றன. வண்டி வருகிற ஊரில் ஆண்கள் தாடி வளர்க்கிறார்கள். பெண்கள் அந்தக் காலத்து உடை உடுத்துகிறார்கள். அந்த உடையைத் தைக்கிறவர் நேட்டால் லேடிஸ்மித்தில் முனிரத்தினம் டெய்லர், என் வீட்டுக்காரர்.

"அவங்க மாட்டு வண்டியில வந்தாங்க, நாம கப்பல்ல வந்தோம். நமக்கு ஏங்க யாரும் ஊர்வலம் விடல?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தாவைக் கரும்புத் தோட்டக் கூலியா, கழுத்துல நம்பர் தகடு கட்டி எறக்கினான். அந்த டிரெஸ்ஸைத் தைக்க எவன் ஆர்டர் குடுப்பான்?" என்றார், வாயில் ஊசியோடு.

கைக்குழந்தை தயாளன் தூங்குகிறான். மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். எழுதி முடித்ததும் மறுபடி பார்ப்பேன். வேலூரிலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு வருஷமாகிறது. இந்த ஊரில் எனக்குத் தாயுமில்லை, பெரியவர் என்று கேட்க ஆளுமில்லை. நான் படித்த இண்டர்மீடியட்டில் பிள்ளை மூச்சைப் பற்றி ஒரு பாடமும் வைக்கவில்லை.

அக்டோபர் 9, ஞாயிறு

வெயில் தாங்கவில்லை. குழந்தையின் கழுத்து மடிப்பில் சிவந்து புண் மாதிரி இருக்கிறது. தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டேன். அழுகை நின்றது. தலையணை உறை போச்சு.

அக்டோபர் 12, புதன்

மலைக்கு மேலே உள்ள பண்ணையிலிருந்து மிஸஸ் ஸ்நேமன் வந்திருந்தாள். அவர்கள் ஊர்ப் பெண்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து ஆர்டர் கொடுத்தவள் அவள்தான். உயரம், எலும்புக் கை, என் வயதுதான் இருக்கும். இங்கே வெள்ளைக்காரர்கள் நம் ஆண்களையெல்லாம் 'சாமி' என்றும் பெண்களையெல்லாம் 'மேரி' என்றும் கூப்பிடுகிறார்கள். பக்தி ஒன்றுமில்லை.

"சாமி, இதை வேறு யார் கையிலும் கொடுக்காதே" என்று ஒரு தகரப் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே குழந்தைக்குப் போடும் நீள வெள்ளை அங்கி. ஞானஸ்நானத்துக்கு உடுத்துவது. மெல்லிய மல் துணி, வெங்காயச் சருகு மாதிரி. அவளுடைய கொள்ளுப்பாட்டி வண்டியில் கொண்டுவந்ததாம், அவள் தன் பாஷையில் சொல்ல இவர் எனக்குத் தமிழில் சொன்னார். மலையிலிருந்து நேட்டாலுக்கு இறங்கும்போது வண்டிச் சக்கரத்தைக் கழற்றி, மரக்கிளைகளைக் கட்டி இழுத்து இறக்கினார்களாம். பிறகு இங்கேயும் ஆங்கிலேயன் வந்துவிட்டான் என்று திரும்பவும் மலையேறிப் போய் அந்தப் பக்கம் பண்ணை போட்டார்களாம். அங்கியும் இறங்கி, ஏறி, பெட்டிக்குள் போயிருக்கிறது.

அங்கியின் கீழ் விளிம்பைத் திருப்பிக் காட்டினாள். சின்னச் சின்ன எழுத்தில் பெயர்கள், வெள்ளை நூலில். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் ஆற்றின் பெயரோ கணவாயின் பெயரோ. வண்டி எங்கே நின்றதோ அங்கே பிள்ளை, அங்கே ஞானஸ்நானம். சில பெயர்களுக்கு முன்னால் சிறு சிலுவை.

"இது எதுக்கு?" என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டேன்.

நான் இங்கிலீஷ் பேசியது அவளுக்கு ஆச்சரியம், பிடிக்கவுமில்லை. "தங்காதவை" என்றாள்.

அவர்கள் ஊருக்கு வண்டி வருவது நவம்பர் 5 சனிக்கிழமை. அன்று அவளுடைய பெண் குழந்தைக்கு அந்த வண்டி நிழலிலேயே ஞானஸ்நானம். லேஸ் இரண்டு இடத்தில் விட்டிருக்கிறது. அதைத் தைத்துக் கொடுத்தால் போதும். "துவைக்க வேண்டாம். அது என் வேலை" என்றாள். போகும்போது தயாளனை ஒரு பார்வை பார்த்தாள். என் பிள்ளையை யார் பார்த்தாலும் எனக்குப் பகீரென்கிறது.

அக்டோபர் 17, திங்கள்

மழை. ஈரத் துணி காயவில்லை. இவர் ஒரே நாளில் முப்பது கப்பிக்குக் கஞ்சி போட்டார். அங்கி லேஸ் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்தார். "உன் கைதான் மெல்லிசு."

அக்டோபர் 22, சனி, தீபாவளி

விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். தயாளனுக்குக் கழுத்துப் புண் இன்னும் ஆறவில்லை. மஞ்சளெண்ணெய் போட்டேன்.

அவனுக்குப் புதுத்துணி இல்லை. தையற்காரன் பிள்ளைக்குத் தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை! இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மறந்தே போயிட்டேன் புள்ள. ஊரான் வூட்டு ஆயாவுக்கெல்லாம் தெச்சேன்." பழைய சட்டையைப் போட்டு அதன் மூலையில் மஞ்சள் தொட்டு வைத்தேன். புதுத்துணிக்கு வைப்பதைப் பழையதற்கு வைத்தால் சாமிக்குத் தெரியாதா?

இவர் கோயிலுக்குப் போன நேரத்தில் லேஸ் வேலையை முடித்தேன். நீளம் சரிதானா என்று அங்கியைக் குழந்தையின் மேல் வைத்து அளவு பார்த்தேன். அவள் பெண்ணும் இவன் வயதுதான் என்றார்கள். அளவு பார்க்காமல் எப்படிக் கொடுப்பது? தையலில் அது சகஜம்.

பக்கத்துத் தெருவில் பட்டாசு. குழந்தை பயப்படவில்லை. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தான்.

அக்டோபர் 23, ஞாயிறு

அங்கியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரியும்.

அக்டோபர் 26, புதன்

கோயிந்தண்ணனின் லாரியில் எல்லாத் துணியும் மலையேறிப் போனது. கோயிந்தண்ணன் காய்கறி ஏற்றுகிறவர். வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பக்கம் போய் வருவார். இவரும் கூடப் போனார். இருட்டுமுன் திரும்பியாக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கம் ஃப்ரீ ஸ்டேட். அது போயர்களின் தனி ராஜ்யமாக இருந்த காலத்துச் சட்டம்: இந்தியர் அங்கே குடியிருக்கக் கூடாது, அனுமதிச் சீட்டில்லாமல் ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. ராஜ்யம் போய்விட்டது, சட்டம் அப்படியே இருக்கிறது.

பொழுதோடு வந்துவிட்டார். "அங்கியைப் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"பொட்டியை வாங்கி அப்படியே உள்ள வெச்சிட்டா. வண்டி வர்றதுக்கு நாலு நாளு முன்னாடி தொவைப்பாளாம். ஏன்?"

"சும்மாத்தான்."

அக்டோபர் 30, ஞாயிறு

மிச்சமிருந்த மல் துணியில் தயாளனுக்கு இவர் ஒரு சட்டை தைத்தார். "லேட் தீபாவளி" என்றார். கழுத்தைச் சுற்றிச் சின்னக் குஞ்சம். மூலையில் மஞ்சள் வைத்து மடித்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை போடலாம்.

சரியாகத் தூக்கமில்லை. பண்ணைகளில் கொழுப்பும் சோடாவும் காய்ச்சித் தாங்களே சோப்பு செய்கிறார்களாம். கோயிந்தண்ணன் பேச்சுவாக்கில் சொன்னார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் தடவிய காகிதத்தைக் காரத்தில் முக்கினோம். எதற்கு இப்போது அது ஞாபகம் வருகிறதோ.

நவம்பர் 2, புதன்

மிஸஸ் ஸ்நேமனிடமிருந்து ஆள் வந்தது. உடனே வரச் சொல்லி.

இவர் தொப்பியை எடுத்துக்கொண்டே, "லேஸ் விட்டிருக்குமா? அங்கியில வேற ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். கோயிந்தண்ணன் லாரியில் போய்விட்டார்.

பருப்பு வேக வைத்தேன். குழந்தைத் துணி அலசினேன். மாலை ரயில் போயிற்று. இருட்டிவிட்டது. லாரிச் சத்தம் எது கேட்டாலும் வாசலுக்குப் போகிறேன்.

வரவில்லை.

நவம்பர் 3, வியாழன்

ஒரே நாளில் நடந்ததையெல்லாம் எழுதி முடித்துவிட வேண்டும்.

ராத்திரி எல்லைக்கு இந்தப் பக்கம் லாரியிலேயே காத்திருந்துவிட்டுக் காலையில் கோயிந்தண்ணன் மட்டும் வந்தார். இடுப்பில் பிள்ளையோடு நான் ஓடினேன்.

"அம்மாடி, பதறாத. உன் ஊட்டுக்காரு உசுரோடதான் கீறாரு."

"எங்கண்ணே?"

"பண்ணையில, வண்டிக் கொட்டாயில போட்டுப் பூட்டிட்டானுங்க. அந்தப் புள்ளச் சட்டையை அவ சோப்புப் போட்டுத் தொவைச்சாளாம். கழுத்தைச் சுத்தி ரத்தமாட்டம் செவப்பா வந்துடுச்சாம். அவ மாமனாரு கெழவன் 'ரத்தம், ரத்தம்'ங்கிறான். அவ கொழுந்தன் ஒருத்தன் கீறான், கூஸ்னு. தாடி இன்னும் முழுசா மொளைக்கல, அதுக்குள்ள துப்பாக்கி எடுத்துக்கினான். கூலிக்காரன் சூனியம் வெச்சுட்டான், வண்டி வர்ற நேரத்துல எங்க ரத்தத்தை அவமானம் பண்ணிட்டான்னு கத்துறான்."

"அவரு என்ன சொன்னாரு?"

"சோறு துண்ணுட்டுக் கை கழுவாம தொட்டுட்டேன், மஞ்சக் கறை, என் தப்புதான்னாரு. எவன் நம்பறான்? ராத்திரி அங்கயே தங்கிட்டாரு, அதாவது தங்க வெச்சிட்டானுங்க. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள தீரலன்னா போலீஸ்ல குடுத்துடுவானாம். சீட்டில்லாம தங்கினான்னு. அப்பறம் ஜெயிலு. கடை லைசென்ஸும் போச்சு."

இவர் கை கழுவாமல் துணியைத் தொட்டதே இல்லை. வெற்றிலை போட்டால்கூட மூன்று தரம் கழுவுகிற மனிதர்.

"நானும் வர்றேன்" என்றேன்.

"கைக்குழந்தையை வெச்சுக்கினா? அவனுங்க வண்டி வர்ற வெறியில கீறானுங்க."

"அவனை யாருகிட்ட விடுவேன்? எடுங்க லாரியை."

ஒரு பையில் பிள்ளைத் துணி, மஞ்சள் பொட்டலம், ஒரு புட்டி வினிகர், ஊசி நூல். புதுச் சட்டையும் பையில்தான் இருந்தது. கணவாய் ஏறும்போது லாரி முனகியது. கீழே பார்க்கவில்லை. சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதே சரிவில் ஒருத்தி கைப்பிள்ளையோடு இறங்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கும் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்திருக்கும்.

பண்ணை வாசலில் பலகை: 'நூய்ட்கெதாக்'. நினைத்தும் பாராதது என்று அர்த்தம், கோயிந்தண்ணன் சொன்னார். முற்றத்தில் ஆண்கள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி வருகிற நாளில் மலைமேல் நெருப்பு மூட்ட. எல்லாருக்கும் தாடி. பெண்கள் நாங்கள் தைத்த கப்பிகளோடு நடந்தார்கள். ஒரு முகமும் தெரியவில்லை. எங்கள் தையல்தான் என்னைச் சுற்றி நின்றது.

கூஸ் வழியை மறித்தான். "இன்னொரு கூலியா? இதுவும் ராத்திரி தங்கப் போகிறதா?"

"மிஸஸ் ஸ்நேமனைப் பார்க்கணும்" என்றேன் இங்கிலீஷில்.

"இந்தப் பண்ணையில் அந்த மொழி பேசாதே" என்று அதே இங்கிலீஷில் கத்தினான்.

"சரி. எனக்கு உங்க மொழி தெரியாது, உனக்கு என் மொழி தெரியாது. அவங்களைக் கூப்பிடு."

எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று தெரியவில்லை. சத்தம் கேட்டு வந்த மிஸஸ் ஸ்நேமனே கையசைத்து உள்ளே கூப்பிட்டாள்.

சமையற்கட்டு மேசைமேல் அங்கி விரித்திருந்தது. கழுத்தைச் சுற்றிச் செம்பழுப்பாக ஒரு வளையம். எனக்கே ரத்தம் மாதிரிதான் தெரிந்தது. கிழவர் நாற்காலியில் வேதப்புத்தகத்தோடு இருந்தார். இவரைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். சட்டையெல்லாம் வைக்கோல். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "நீ ஏன் வந்தே? புள்ளையை வேற தூக்கிக்கினு..."

ஒரு கைக்குட்டையில் மஞ்சளைத் தேய்த்தேன். அவர்களுடைய சோப்புக் கட்டியையே எடுத்துத் தண்ணீர் தொட்டு உரசினேன். மஞ்சள் சிவந்தது, கண்ணெதிரே, ரத்தம் போலவே. கிழவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அதன்மேல் வினிகர் ஊற்றினேன். மறுபடி மஞ்சளானது.

"சமையல் மஞ்சள். ரத்தமில்லை, சூனியமில்லை. வெயிலில் போட்டால் நாளாக ஆக வெளுத்துவிடும்" என்றேன்.

மிஸஸ் ஸ்நேமன் தன் பாஷையில் கிழவரிடம் சொன்னாள். அவர் கைக்குட்டையை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். கூஸ் விடவில்லை, எனக்கும் புரியட்டும் என்று இங்கிலீஷிலேயே கத்தினான். "ரத்தமோ என்னவோ, அது எப்படி அங்கே வந்தது? அதைக் கேளுங்கள்!"

அவள் என்னைப் பார்த்தாள். "எப்படி வந்தது?"

"எங்க வழக்கம்" என்றேன். "நல்லது நடக்கிற துணிக்கு மஞ்சள் வைப்போம். ஆசீர்வாதம்."

"உன் புருஷன் சாப்பிட்ட கையோடு தொட்டேன் என்கிறான். நீ ஆசீர்வாதம் என்கிறாய். எது நிஜம்?"

இவர் தரையைப் பார்த்தார். லாரியில் வரும்போதே யோசித்து வைத்திருக்கலாமே, அவர் சொன்னதையே நானும் சொல்லியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

அவள் அங்கியின் கழுத்தை விரலால் விரித்தாள். உள்பக்கம் முழுக்கச் சுற்றி வந்திருந்தது கறை. வெளிப்பக்கம் தெரிந்தது அதன் நிழல்தான். தொட்டு வைத்த பொட்டு அப்படி வராது. சோற்றுக் கையும் அப்படி வராது. அவளும் பிள்ளை வளர்க்கிறவள்.

மெதுவாக என்னிடம் வந்தாள். தயாளனின் சட்டைக் கழுத்தை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தாள். மடிப்பில் மஞ்சளெண்ணெய் பளபளத்தது. குழந்தை அந்த விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வாசலில் கூஸ் நிற்கிறான், துப்பாக்கியோடு. அவள் வாயில் ஒரு வார்த்தை போதும். கூலிப் பிள்ளை போட்ட சட்டை. அதற்குப் பிறகு அந்த முற்றத்தை நாங்கள் எப்படித் தாண்டுவது?

அவள் விரலை விடுவித்துக்கொண்டாள். திரும்பாமலே, எனக்கும் புரியும்படி இங்கிலீஷில் சொன்னாள்: "சோற்றுக் கைதான். ஆண்கள் எங்கேயும் அழுக்குதான். கூஸ், விறகு அடுக்கு சரிகிறது பார்."

அவன் போனான். கிழவரும் போனார்.

அவள் கத்தரியை எடுத்தாள். நூறு வருஷத்து அங்கியின் கழுத்துப் பட்டியைச் சுற்றி வெட்டினாள். வெட்டிய வளையத்தை என் மடியில் போட்டாள். "இதை எடுத்துக்கொண்டு போ. இருட்டுமுன் புதுப் பட்டி தைத்துவிட்டுப் போ. இனி எங்கள் துணி எதுவும் உங்கள் கடைக்கு வராது."

"அதே மாதிரி துணிக்கு எங்கே போறது?" என்று இவர் தமிழில் முணுமுணுத்தார்.

பையில் இருந்தது. லேட் தீபாவளிச் சட்டை. அதே மல். எடுத்து அவரிடம் நீட்டினேன். ஒரு நிமிஷம் அதைத் தடவிப் பார்த்துவிட்டு வெட்டினார். மஞ்சள் வைத்த மூலையை மட்டும் ஒதுக்கிவிட்டார். அவர் வெட்டிக் கொடுக்க, நான் தைத்தேன். ஜன்னலில் வெயில் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. அவளுடைய பெண் தொட்டிலில் சிணுங்கினாள். அவள் காலால் ஆட்டிக்கொண்டே என் ஊசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தயாளன் தரையில் கவிழ்ந்து அவளுடைய நூல் கண்டை உருட்டினான்.

கடைசி முடிச்சைப் போட்டதும் அங்கியை வாங்கித் தன் பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. நன்றி சொல்லவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

லாரி கணவாயில் இறங்கும்போது வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. எல்லை தாண்டியதும் கோயிந்தண்ணன் பீடி பற்றவைத்தார். இவர் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். சட்டை போச்சு, ஆர்டர் போச்சு, ஓர் இரவு வைக்கோலில் கிடந்தார். என் மடியில் அந்தப் பட்டி.

வெகுநேரம் கழித்து, கோயிந்தண்ணனுக்குக் கேட்காத குரலில், "அங்கி இவனுக்குத் தோளுல எப்படி ஒக்காந்துது?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. "நல்லா ஒக்காந்துது. கைதான் கொஞ்சம் நீளம்."

"ம்" என்றார். தயாளனின் கையைப் பிடித்து, மணிக்கட்டு வரை விரலால் அளந்தார். "நூறு வருசமா அத்தினி புள்ளைங்க போட்டிருக்குது. ஒருத்திக்கும் கையைச் சுருக்கத் தோணல பாரு."